பாதி அணையும் பட்டணம்

என் கட்டிலில் ஒரு பட்டணம் மூன்று கிழமை படுத்துக் கிடந்தது. நான் கீழே பாயில் படுத்தேன். பட்டணத்துக்கு நுளம்புவலை கட்டியிருந்தார்கள், எனக்கு இல்லை. பசை காயும்வரை அதில் பூச்சி வந்து ஒட்டக் கூடாதாம். என்னில் பூச்சி ஒட்டலாம், கடிக்கலாம், குடும்பமும் நடத்தலாம்.

பட்டணத்தைக் கட்டியவர்கள் என் தங்கச்சியும் அவளுடைய வகுப்புப் பெட்டைகள் மூன்று பேரும். பதினோராம் வகுப்பு. பாடசாலைகளுக்கு இடையே ஒரு பொறியியல் போட்டி வைத்தார்கள். நாலு பேர் சேர்ந்து, இன்னும் ஐம்பது வருசத்தில் மனிசர் இருக்கப்போகிற நகரம் ஒன்றை யோசித்து, அதன் மாதிரியைச் செய்து கொண்டுவர வேண்டும். முதல் இரண்டு இடம் எடுப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் நடக்கும் அடுத்த சுற்றுக்குப் போவார்கள்.

நாங்கள் இருப்பது துணுக்காய்ப் பக்கம். எங்கள் ஊரில் ஆக உயரமான சாமான் தொலைபேசிக் கோபுரம். அடுத்தது தண்ணீர்த் தாங்கி. மூன்றாமிடம் தென்னைமரம். இப்படிப்பட்ட ஊரில் இருந்து நாலு பெட்டைகள் நகரம் கட்டப் போகிறார்கள் என்றால், பகிடி பண்ணாமல் இருக்க நான் என்ன சாமியாரா?

நான் பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் விழுந்தவன். மூன்றாம் தரமும் விழ உடம்பில் இடமில்லாததால் வீடுகளுக்கு வயரிங் செய்யும் வேலைக்குப் போனேன். அந்த வேலை எனக்கு வரும். சுவருக்குள்ளே கம்பி எந்தப் பக்கம் போகிறதென்று தட்டிப் பார்த்தே சொல்லுவேன். அந்தத் துணிவில் பெட்டைகளுக்கு 'இஞ்சினியர் அம்மாமார்' என்று பெயர் வைத்தேன். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கும்போது, "இஞ்சினியர் அம்மா, உங்கட பட்டணத்தில பேய் இருக்கோ? பேய்க்கும் லிப்ட் வைச்சனீங்களோ?" என்று கேட்பேன். கண்ணாடி போட்ட ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பார்ப்பாள்.

"பேய் இல்லை அண்ணா. ஆனால் தேத்தண்ணி குடுக்கிற ரோபோ ஒண்டு இருக்கு. கதைக்காது."

தங்கச்சி சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது சிரிக்கிற விசயமாக இருக்கவில்லை. அடுத்த இரண்டு வருசம், உயர்தரத்தில், அவளுக்குப் பொறியியல் தொழினுட்பம் படிக்கவேண்டும். எங்கள் ஊர்ப் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை. கிளிநொச்சிக்குப் போய் விடுதியில் நின்றுதான் படிக்கலாம். அம்மாவுக்கு அந்தக் கதையே பிடிக்காது. ஊரில் கலைப்பிரிவு இருக்கிறது, நடந்து போகலாம், நடந்து வரலாம், மத்தியானம் வீட்டுச் சோறு. இதைவிட ஒரு பெட்டைக்கு என்ன வேண்டும் என்பது அம்மாவின் வாதம். அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே செத்துப்போனார். வீட்டுக்கும் வயலுக்கும் கமக்காரர் கூட்டத்துக்கும் அம்மா ஒரு ஆள்தான். அவா இல்லை என்றால் இல்லைதான்.

ஒருநாள் அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"அம்மா, எங்கட பட்டணம் யாழ்ப்பாணத்துக்குத் தெரிவானால்?"

"தெரிவானால்?"

"என்னைக் கிளிநொச்சிக்கு விடுவியளோ?"

அம்மா சுளகை நிறுத்தவில்லை. "முதல் உன்ர பட்டணம் யாழ்ப்பாணம் போகட்டும். பிறகு நீ கிளிநொச்சி போறதைப் பாப்பம்."

"பாப்பியளோ, விடுவியளோ?"

"விடுறன். எழும்பிப் போ, குசினிக்க பால் பொங்குது."

அம்மா கூட்டத்தில் ஒன்றைச் சொன்னால் அதற்குப் பிறகு தலைவருக்கும் வேலையில்லை. வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்கு இருந்து தங்கச்சி சோறு தின்னும்போதும் மற்றக் கையில் கத்தரிக்கோல் வைத்திருந்தாள்.

பட்டணம் எப்படிப்பட்டது என்று சொல்ல முதல் எங்கள் வயல் வழக்கத்தைச் சொல்லவேண்டும்.

மாரி மழைக்குக் குளம் நிரம்பும். அப்போது காலபோகம். குளத்தின் கீழ் உள்ள காணி எல்லாம் விதைக்கலாம். கோடையில் குளத்தில் பாதித் தண்ணீர்கூட இராது. எல்லாரும் விதைத்தால் எல்லாருக்கும் கருகும். ஆகவே கோடை விதைப்பான சிறுபோகத்துக்கு முதல் கூட்டம் வைப்பார்கள். தண்ணீரை அளந்து, இந்த முறை குளத்தை ஒட்டிய காணிகள் மட்டும்தான் என்று முடிவெடுப்பார்கள். ஆனால் குளத்தடியில் காணி வைத்திருப்பவர் மட்டும் விதைப்பதில்லை. வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவருக்கும் அந்தக் குளத்தடிக் காணியில் ஒரு துண்டைக் கயிறு பிடித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். சொந்தக்காரன் தன் வயலில் நாலு பேருக்கு இடம் விட்டு, மிச்சத்தில் தானும் விதைப்பான். அறுவடை முடிய அவரவர் தங்கள் காணிக்குத் திரும்பிவிடுவார்கள்.

எங்கள் காணி வாய்க்காலின் ஆகக் கடைசி. அதனால் சிறுபோகத்தில் அம்மா எப்போதும் இன்னொருவரின் வயலில்தான் நிற்பா. காணிக்காரர் விடியக் காலமை வந்து, அம்மா வரம்பை உடைத்துவிட்டாவோ என்று பார்த்துவிட்டுப் போவார். அவர் போன பிறகு அம்மா அவருடைய நடையை நடந்து காட்டுவா. எனக்குப் பகிடிக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அதை ஒருதரம் பார்க்கவேண்டும்.

தங்கச்சி இந்த வழக்கத்தைத் தூக்கி நகரத்துக்குள் வைத்துவிட்டாள். நடுவில் ஒரு குளம். அதன் தண்ணீரில்தான் நகரத்து மின்சாரம், குடிதண்ணீர், எல்லாம். குளத்தை ஒட்டி எட்டு வீடு, தூரத்தில் எட்டு வீடு. மாரியில் பதினாறு வீட்டிலும் விளக்கு எரியும். கோடையில் தண்ணீர் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கியதும் தூரத்து எட்டு வீடும் தானாக அணையும். அந்த வீட்டுக்காரர் எல்லாரும் குளத்தடி வீடுகளுக்கு வந்து இருப்பார்கள். அதற்கென்று குளத்தடி வீடு ஒவ்வொன்றிலும் ஒரு அறை வெறுமையாக விட்டிருந்தாள். அதற்குப் பெயர் சிறுபோக அறை.

இதை முதலில் கேட்டபோது பாயில் புரண்டு சிரித்தேன்.

"ஐம்பது வருசத்துக்குப் பிறகும் கரண்ட் கட்டோ? அதை இப்பவே சும்மா பாக்கலாமே. ஏன் பட்டணம் கட்டுறீங்கள்?"

"இது கட் இல்லை அண்ணா. முறை."

"சரி, முறை. எங்கட வீட்டுச் சிறுபோக அறையில பெரிய மாமி வந்து ஆறு மாசம் இருந்தா அம்மாவின்ர கதி என்ன?"

"மாமியின்ர வீட்டில நாங்கள் போய் இருந்தா மாமியின்ர கதி என்ன?" என்றாள் தங்கச்சி. குசினிக்குள்ளே இருந்து அம்மா சிரித்த சத்தம் கேட்டது.

போட்டியின் விதியில் ஒன்று, மாதிரியில் மாணவர் மட்டும்தான் கை வைக்கலாம். வெளியாள் கை வைத்தது தெரிந்தால் குழுவை நீக்கிவிடுவார்கள். அதனால் நான் ஒரு பழைய ரேடியோவை உடைத்து, அதில் ஈயம் வைத்து ஒட்டுவது எப்படி என்று காட்டினேன். அவர்கள் பார்த்துவிட்டுப் போய்ப் பட்டணத்தில் ஒட்டினார்கள். குளத்துக்குள் ஒரு மருந்து டப்பாவை மிதக்கவிட்டு, அதோடு ஒரு சின்னத் தகட்டைப் பொருத்தியிருந்தார்கள். தண்ணீர் இறங்க டப்பாவும் இறங்கும், தகடு விலகும், தூரத்து வீடுகளுக்குக் கரண்ட் நிற்கும். எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது. நான் யோசித்திருந்தால் கடையில் ஒரு சுவிட்ச் வாங்கியிருப்பேன்.

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் பெட்டைகள் சீருடை தோய்த்து மினுக்க வீட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கச்சி கிணற்றடியில் நின்றாள். பக்கத்து வளவு அண்ணை வந்தார். அவர் புதுவீடு கட்டி முடித்திருந்தார். வயரிங் நான் செய்வதாக ஏற்பாடு. அவருக்குப் பட்டணத்தைக் காட்டி என் மதிப்பைக் கூட்டலாம் என்று நினைத்தேன். குளத்தில் தண்ணீர் விட்டு, பற்றரியைக் கொழுவினேன். பதினாறு வீடும் எரிந்தன.

"சோக்காயிருக்கு," என்றார்.

குளத்துத் தண்ணீர் வெளியே போகும் துருசின் அடைப்பை இழுத்தேன். தண்ணீர் வாளிக்குள் இறங்கியது. எட்டு வீடு பட்டென்று அணைந்தது.

"அடேய், பாதி போச்சு!"

"அண்ணை, அது அப்பிடித்தான்."

"அப்பிடித்தான் எண்டா? என்ர வீட்டிலயும் பாதிதான் எரியுமோ?"

குளம், கோடை, முறை எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு நேரே சந்திக் கடைக்குப் போய்த் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். ஒரு மணித்தியாலத்தில் நான் கரப்பந்து விளையாடப் போனபோது வலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒருவன் கத்தினான்: "வாறான் வாறான், அரைவாசி வயரிங்!" நான் அடித்த பந்து வெளியே போனதும் இன்னொருவன், "மச்சான், அந்தப் பக்கத்துக் கை எரியேல்லைப் போல" என்றான்.

ஊரில் எல்லாரையும் பகிடி பண்ணித் திரிகிறவனுக்குத் தனக்கு ஒன்று விழுந்தால் தாங்காது. அது ஒன்று. மற்றது, புதுவீட்டுக் குடிபூரல் அன்றைக்கு வீட்டுக்காரர் சாமியைக் கும்பிட்டுச் சுவிட்சைப் போடும்போது, பின்னால் வயரிங்காரன் பல்புகளை எண்ணிக்கொண்டு நிற்பான். ஒரு பல்ப் எரியாவிட்டாலும் அன்றைய சோறு அவனுக்கு இறங்காது. எரியாத விளக்கு என்றால் பிழை, எனக்கு அவ்வளவுதான் தெரியும். அணைந்து கிடப்பதும் ஒரு வேலை என்று ஒரு பதினாறு வயதுப் பெட்டை சொன்னால் என் மூளைக்குள் அது எப்படிப் போகும்? பெரிய இடத்தில் இருந்து வருகிற நடுவர்களும் பக்கத்து வளவு அண்ணை மாதிரித்தான் நினைப்பார்கள், பாதி இருட்டைக் கண்டால் பழுது என்று எழுதிவிட்டுப் போவார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். தங்கச்சிக்கு உதவி செய்கிறேன் என்றும் சொன்னேன். உதவி என்றால் ஏன் அவளுக்குச் சொல்லாமல் செய்தேன் என்று அப்போது நான் என்னைக் கேட்கவில்லை.

தங்கச்சி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்துக்குள் வேலையை முடித்தேன். மூன்று அங்குலச் சிவப்பு வயர். டப்பாத் தகட்டைச் சுற்றிக் குறுக்கே, ஈயம் வைத்து இறுக்கி ஒட்டிய ஒரு பாலம். இனித் தகடு விலகினாலும் கரண்ட் அந்தப் பாலத்தால் போகும், எந்த வீடும் அணையாது. அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

காலையில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பிப் பட்டணத்தை ஏற்றினோம். பெட்டைகள் நாலு பக்கமும் பிடித்தார்கள். அம்மா குடை பிடித்தா, தனக்கல்ல, பட்டணத்துக்கு. குழி வரும்போதெல்லாம், "மெல்லமா விடுங்கோ, உள்ள ஆக்கள் இருக்கினம்!" என்று நான் கத்தினேன். அன்றைக்குத் தங்கச்சிகூடச் சிரித்தாள்.

மண்டபம் நிறையப் பட்டணங்கள். ஒன்றில் கண்ணாடிக் கோபுரங்கள் கூரையைத் தொட்டன. ஒன்றில் ரயில் நூலில் பறந்தது. ஒன்றில் மனிசரே இல்லை, வாகனம் மட்டும். பெற்றோர் நிற்க ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. அம்மாவும் நானும் கயிற்றடியில் நின்றோம்.

நடுவர்கள் இரண்டு பேர், ஒரு ஐயா, ஒரு பெண். இரண்டு பேரும் பொறியியலாளர்கள். எங்கள் மேசைக்கு வந்ததும் கண்ணாடிக்காரி குளத்தைப் பற்றிச் சொன்னாள். பிறகு தங்கச்சி முன்னுக்கு வந்தாள்.

"இது மாரி. குளம் நிரம்பியிருக்கு. பதினாறு வீடும் எரியுது. இப்ப கோடை வருது. தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கினவுடன தூரத்து எட்டு வீடும் தானாக அணையும்."

அடைப்பை இழுத்தாள். தண்ணீர் இறங்கியது. டப்பா இறங்கியது. தகடு விலகியதை நான் நின்ற இடத்தில் இருந்தே கண்டேன். பதினாறு வீடும் ஒரு குறையும் இல்லாமல் எரிந்தன. என் வாழ்க்கையில் நான் செய்த வயரிங்குகளில் அதைப்போல ஒன்றும் சரியாக எரியவில்லை.

"அணையேல்லையே?" என்றார் ஐயா.

தங்கச்சி டப்பாவை விரலால் அமத்திப் பார்த்தாள். மற்றப் பெட்டைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏன்டா அணையேல்ல?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டா.

"தெரியாது," என்றேன்.

தங்கச்சி குனிந்து பலகைக்குக் கீழே பார்த்தாள். கையை உள்ளே விட்டு எதையோ இழுத்துப் பார்த்தாள், என் ஈயம் விடவில்லை. எழும்பியபோது அவள் கண் நேரே கயிற்றடிக்கு வந்து என்னில் நின்றது. ஒரு சொல், "அண்ணாதான்" என்று ஒரு சொல் சொன்னால் அவளுடைய யோசனையில் பிழையில்லை என்று தெரிந்துவிடும், ஆனால் வெளியாள் கை வைத்தது தெரிந்து குழு போய்விடும். அவள் நடுவர் பக்கம் திரும்பினாள்.

"வேலை செய்யேல்ல, சேர். கையால பிரிச்சுக் காட்டட்டோ?"

"காட்டுங்கோ."

தூரத்து வீடுகளின் பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒவ்வொரு வீட்டில் இருந்தும் கடதாசி மனிசரை எடுத்து, குளத்தடி வீட்டின் சிறுபோக அறைக்குள் வைத்தாள். "இந்த வீட்டு ஆக்கள் இஞ்ச வருகினம். இந்த வீட்டு ஆக்கள் இஞ்ச." அவசரப்படவில்லை. எட்டு வீட்டுக்கும் எட்டுத் தரம் சொன்னாள். ஐயா இரண்டு தரம் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பெண் நடுவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, குனிந்து அறைகளுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா.

"பிள்ளை, குளத்தடி வீட்டுக்காரர் இதுக்கு விடுவினமோ? ஆக்கள் சண்டை பிடிக்க மாட்டினமோ?"

"பிடிப்பினம், மிஸ்," என்றாள் தங்கச்சி. "எங்கட அம்மா ஒவ்வொரு சிறுபோகமும் காணிக்காரரோட சண்டை பிடிக்கிறவா. ஆனால் அவா விதைக்காமல் விட்டதும் இல்லை, அவர் இடம் விடாமல் விட்டதும் இல்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆரடி சண்டை பிடிச்சது?" என்று அம்மா கயிற்றடியில் முணுமுணுத்தா. ஆனால் சேலைத் தலைப்பை எடுத்து ஒழுங்குபடுத்திக்கொண்டா.

போகும்போது பெண் நடுவர், "யோசனை நல்லது பிள்ளை. அது தானா அணைஞ்சிருந்தால் கதை வேற," என்றா. அது எனக்கும் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது.

பறக்கும் ரயில் முதலாமிடம். கோபுரங்கள் இரண்டாமிடம். நாங்கள் மூன்று.

வெளியே வேப்பமரத்தடியில் லான்ட்மாஸ்டருக்குக் காத்து நின்றோம். மற்றப் பெட்டைகள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். அம்மா தங்கச்சியின் தலையைத் தடவினா.

"மூண்டாமிடமும் ஒரு இடந்தானே பிள்ளை. நல்லாத்தான் கதைச்சனி. ஊரில படி. அதுவும் படிப்புத்தான்."

தங்கச்சி, "ஓம் அம்மா" என்றாள். அவ்வளவுதான். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், அழுமூஞ்சி என்று ஒரு பகிடி விட்டிருக்கலாம். அவள் சட்டைப் பையில் இருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தாள். மூன்று அங்குலச் சிவப்பு வயர்.

"எங்கட பெட்டியில கறுப்பும் மஞ்சளுந்தான் இருந்தது, அண்ணா. இது உங்கட."

அம்மாவிடம் சொல்லிக்கொடுக்கவில்லை. வயரை என்னிடம் தந்துவிட்டுப் பட்டணத்தின் பக்கத்தில் போய்க் குந்திவிட்டாள். நான் அதைப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம். ஒருவருக்கும் தெரியாது. அவள் ஊரில் படிப்பாள். நான் காலம் முழுக்க அவளுக்கு 'மூண்டாமிடம்' என்று பட்டம் சொல்லித் திரியலாம்.

"அம்மா," என்றேன். "நான்தான்."

"என்ன நீதான்?"

சொன்னேன். பக்கத்து வளவு அண்ணை, கரப்பந்து, பாலம், எல்லாம். சொல்லச் சொல்ல, அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்கே கேட்டது. குடை என் தோளில் இரண்டு தரம் இறங்கியது. மூன்றாம் தரம் ஓங்கிய குடையை அம்மா பாதியில் நிறுத்தினா. அவாவுக்குக் கூட்டத்து முகம் வந்துவிட்டது.

"எங்கட வாய்க்காலில ஒருத்தன் வரம்பை வெட்டி மற்றவன்ர தண்ணியை எடுத்தால் கூட்டத்தில என்ன செய்வம்?"

"அவன்ர முறையை மற்றவனுக்குக் குடுப்பியள்."

"அப்ப, உனக்கு என்ன முறை இருக்கு?"

எனக்கு என்ன இருக்கிறது? யோசித்தேன். கிழமை முழுக்க வேலை. ஞாயிறு பின்னேரம் மட்டும்தான் எனக்கென்று ஒன்று, அது கரப்பந்து. நான் சொல்லாவிட்டால் என்ன, அம்மாவுக்குத் தெரியாதா?

"பிள்ளை," என்று அம்மா தங்கச்சியைக் கூப்பிட்டா. "பரீட்சையை ஒழுங்கா எழுது. நீ கிளிநொச்சிக்குப் போ. ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் இவன் கொண்டுபோய் விடுவான். வெள்ளி ஏத்திக்கொண்டு வருவான். ரண்டு வருசம்."

"ஞாயிறு மட்ச் அம்மா…"

"மட்ச்சோ? அந்தக் கை எரியேல்லையெண்டு சொல்லு."

தங்கச்சி அம்மாவையே பார்த்தாள். "பட்டணம் யாழ்ப்பாணம் போகேல்லையே, அம்மா."

"போயிருக்கும்," என்றா அம்மா. குடையை விரித்துப் பட்டணத்துக்குப் பிடித்தா.

இப்போது தங்கச்சி கிளிநொச்சியில் படிக்கிறாள். முதல் இரண்டு மாசம் மோட்டார் சைக்கிளில் என் பின்னால் இருந்து ஒரு சொல் பேசவில்லை. நான் பகிடி விட்டால் காற்றோடு போய்விடும். ஒரு ஞாயிறு, வழியில் காட்டுப் பக்கமாகச் சைக்கிள் நின்றுவிட்டது. இறங்கி உதைத்தேன், ஊதினேன், கெஞ்சினேன். அசையவில்லை. தங்கச்சி பையை மடியில் வைத்து ஒரு கல்லில் இருந்தபடி சொன்னாள்:

"சிவப்பு வயரைப் பாருங்கோ அண்ணா. நீங்கள் கை வைச்சதாயிருக்கும்."

பார்த்தேன். சிவப்பு வயர்தான் கழன்றிருந்தது. நான் கை வைத்ததுதான். காட்டு ரோட்டில் நின்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்புக்கு எதிரே வந்த ஒரு மாட்டுப்பட்டி விலகிப் போனது.

பட்டணம் இன்னும் என் கட்டிலில்தான் இருக்கிறது. அலுமாரிக்கு மேலே தூக்கி வை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறா. அங்கே வைத்தால் தூசி. தங்கச்சி வெள்ளிக்கிழமைகளில் வந்து குளத்துக்குத் தண்ணீர் விட்டு, அடைப்பை இழுத்துப் பார்ப்பாள். தூரத்து எட்டு வீடும் ஒன்றாக அணையும். பட்டணத்தைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளிவிட்டு மற்றப் பாதியில் நான் படுக்கிறேன். கால் நீட்டத்தான் கொஞ்சம் கஷ்டம். நுளம்புவலையை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.